கறுப்பு வண்டியின் முதல் பொட்டு

உமேஷ் கார் வாங்கப்போகிறான் என்ற செய்தி கணேசமூர்த்தியின் காதில் விழுந்தபோது அவன் யாரோ ஒரு டாக்டரின் கார் கதவில் மெருகேற்றும் பஃபிங் மெஷினை வைத்து மெதுவாக இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருந்தான். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மனைவி ஷோபா. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை, என்னவோ ஏதோ என்று மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தால் குரலில் அப்படி ஒரு குதூகலம். "யோவ், விஷயம் தெரியுமா? உமேஷு கார் புக் பண்ணிட்டாராம். ஷோரூம் வண்டி! சரசு இப்பதான் போன்ல சொல்றா, சந்தோஷத்துல அழுதே போயிட்டா" என்றாள். "நல்ல விஷயந்தான், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு மெஷினை மறுபடி ஓட்டினான். ஓட்டினான் என்றுதான் பேர், கை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. கதவு சூடேறியது. அந்தப் பக்கமாக வந்த முதலாளி ஜாய்சன், "மூர்த்தி, மைண்ட் எங்கப்பா இருக்கு? பெயிண்ட் எரிஞ்சிடப் போவுது" என்றார். எரிந்துகொண்டிருந்தது வேறு இடம். அதை முதலாளியிடம் சொல்ல முடியுமா?

மூர்த்தி பொறாமைக்காரன் இல்லை. இதை அவனே பல பேரிடம் சொல்லியிருக்கிறான். அடுகோடியில் மெக்கானிக் ஷெட்டுகளுக்கும் டயர் கடைகளுக்கும் நடுவில் இருக்கிற ஜாய்சனின் கடையில் அவன்தான் மூத்த கை. வண்டியின் வெளி உடம்பைக் கழுவி, களிமண் மாதிரி ஒரு கட்டியால் தேய்த்துப் பிசுக்கெடுத்து, கீறல்களை மெஷினால் இழைத்து, கடைசியில் கண்ணாடி போல ஒரு கோட்டிங் ஏற்றி அனுப்புகிற வேலை. பில்டர் வண்டி, வக்கீல் வண்டி, கதவைத் திறந்தால் தானே படி இறங்குகிற வண்டி, எல்லாம் அவன் உள்ளங்கைக்குக் கீழே வந்து போயிருக்கின்றன. ஒன்றைப் பார்த்தாவது வயிறு எரிந்ததுண்டா? கிடையாது. யானையைக் குளிப்பாட்டுகிறவன் தனக்கொரு யானை இல்லையே என்று அழுவானா என்ன! அவையெல்லாம் வேறு உலகத்து வண்டிகள், வரும், பளபளக்கும், போகும். உமேஷ் வேறு உலகமா? ஸ்ரீராம்புரத்தில் பக்கத்துச் சந்து. மூர்த்தி வீட்டில் குக்கர் விசிலடித்தால் உமேஷ் வீட்டில் கேட்கும். அந்தச் சந்துக்குள் ஒரு கார் வருகிறதென்றால் அது மூர்த்தியின் நெஞ்சு மேல் ஏறித்தான் வர வேண்டும்.

சரசு ஷோபாவின் தங்கை. சரசுவின் புருஷன் உமேஷ், ஆக மூர்த்திக்குச் சகலை. கல்யாணமான புதிதில் உமேஷ் லிப்ட் ரிப்பேர் கம்பெனியில் எடுபிடி. காலையில் மூர்த்தியின் டூவீலருக்குப் பின்னால் கிரீஸ் சட்டையோடு தொற்றிக்கொண்டு, "அண்ணா, மெஜஸ்டிக்ல எறக்கி வுட்டுடுங்கண்ணா" என்பான். சட்டைக் கறை தன் முதுகில் ஒட்டுமே என்று மூர்த்தி முன்னால் நகர்ந்து நகர்ந்து பெட்ரோல் டாங்க் மேலேயே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான். இந்த ஊரில் திரும்பின பக்கமெல்லாம் அடுக்குமாடி முளைத்தது. முளைத்த இடமெல்லாம் லிப்ட் வந்தது, லிப்ட் வந்த இடமெல்லாம் அது நடுவில் மாட்டி நின்றது. உமேஷுக்கு வேலைக்குமேல் வேலை. இப்போது சூபர்வைசர், கழுத்தில் அட்டை, கீழே ஆட்கள். அதற்கெல்லாம்கூட மூர்த்தி வாயார வாழ்த்தியவன்தான், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கார் என்கிற விஷயம் அந்தக் குடும்பத்தில் மூர்த்தியின் சொத்து. காதுகுத்து, வளைகாப்பு, எந்த விசேஷமானாலும் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்தால் கார்ப் பேச்சை எடுப்பவன் அவன், முடிப்பவனும் அவனே. "கலர்ல கறுப்புதான் ராஜா. ஆனா வெச்சுக்கத் தெரியணும். துணியால தொட்டாலே கோடு விழும். கறுப்பு வாங்கறதுக்கு ஒரு இது வேணும்" என்று அவன் சொல்லும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்த 'இது' தனக்கிருக்கிறது, காலம் வரும்போது கறுப்பு ஒன்று தன் வாசலில் நிற்கும் என்பதை மட்டும் வெளியே சொன்னதில்லை. ஷோபாவிடம்கூடப் பாதிதான் சொல்லியிருந்தான்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கையில் உமேஷ் தன் வண்டியை அடுகோடிக்குக் கொண்டுவந்தான். கடையில் நெரிசல் தாங்கவில்லை, பூஜைக்கு முன்னால் எல்லாருக்கும் வண்டி பளபளவென்று இருந்தாக வேண்டும். கேட்டுக்குள் மெதுவாக ஊர்ந்து வந்தது வண்டி. கறுப்பு! அப்பட்டமான, வேறெந்தச் சாயலும் கலக்காத கறுப்பு. உமேஷ் கதவைத் திறந்துவிட்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நீங்க சொன்னீங்கல்ல, கறுப்புதான் ராஜான்னு? சரசு வெள்ளைதான் வேணும்னு ஒரே பேஜாரு. முடியவே முடியாதுன்னுட்டேன். எங்கண்ணா கை இருக்கும்போது எனக்கு இன்னா பயம்?" அப்புறம் ஜாய்சன் பக்கம் திரும்பினான். "சார், இவரு எங்க சகலை. இவரு கை படாம இந்த வண்டிய நான் ரோட்டுலயே எடுக்க மாட்டேன். ஃபேமிலின்னு பில்லுல கம்மி கிம்மி பண்ணிடாதீங்க சார், ஃபுல்லா போடுங்க!" ஜாய்சன் சிரித்தார். பையன்கள் சிரித்தார்கள். மூர்த்தியும் பல்லைக் காட்டினான். கம்மி பண்ணச் சொல்லி இங்கே யாரடா கேட்டது என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடும் தோட்டமுமாக இருக்கிற ஜாய்சனே பழைய வண்டியில்தான் வருகிறார், இவனுக்கு என்ன வந்தது? அதுவும் தன் வாயிலிருந்து விழுந்த வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டு போய், தன் மனசில் நிறுத்தியிருந்த கலரையே எடுத்துக்கொண்டு வந்து, தன்னையே துடைக்கச் சொல்கிறான்! ராஜா வண்டியாம், ராஜா!

வண்டியைக் கழுவிக் காயவைத்து, உள்ளே தள்ளி, விளக்கைப் போட்டுப் பார்த்தான். நல்ல வெள்ளை வெளிச்சம் வீசும் கைவிளக்கு அது. வெயிலில் தெரியாததெல்லாம் அதில் தெரியும். பானட்டின் மேல் வெளிச்சத்தைச் சாய்த்ததும் வலை வலையாக மெல்லிய கீறல்கள் எழுந்து வந்தன. ஷோரூமில் டெலிவரிக்கு முன்னால் எவனோ மண் பிடித்த துணியால் வட்டமாகத் தேய்த்துத் தள்ளியிருக்கிறான். அப்பாடா என்றிருந்தது மூர்த்திக்கு. இவ்வளவு நாளில் வண்டியில் கோளாறு கண்டுபிடித்து அவன் இப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை. கதவில் பார்த்தான், இருந்தது. பின்பக்கம் பார்த்தான், அங்கேயும் இருந்தது. புது வண்டியாம் புது வண்டி, இங்கே பார் லட்சணத்தை! போனில் போட்டோ எடுத்து ஷோபாவுக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தான். அப்புறம்தான் உறைத்தது. இதை யாரிடம் காட்டினாலும் அடுத்த கேள்வி, சரி, நீ எடுத்துடுவல்ல என்பதுதான். எடுத்துவிடுவான். எடுக்கத்தான் சம்பளம் வாங்குகிறான். இந்த வண்டியில் அவனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதலை அவனே மெஷின் வைத்து அழிக்க வேண்டும்.

இரண்டு நாளும் அவன் அந்த வண்டியோடேயே கிடந்தான். ரப்பர் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினான். பஞ்சு பேடில் பாலீஷை வைத்து ஒவ்வொரு தகடாக இழைத்தான். கீறல்கள் மங்கி மங்கி மறைய, கறுப்பு கிணற்று நீர் மாதிரி ஆழமாகிக்கொண்டே போனது. பையன்கள் வந்து வந்து நின்று பார்த்தார்கள். "சக்கத்தா வருதுண்ணா" என்று மெச்சினார்கள். மனசு அவ்வளவு கோணலாக இருக்கும்போது கை எப்படி இவ்வளவு நேராக ஓடுகிறது என்று மூர்த்திக்கே ஆச்சரியம். பாலீஷ் முடிந்ததும் ஒரு வேலை உண்டு. பாலீஷின் எண்ணெய் பெயிண்டில் தங்கியிருக்கும், அதை ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒட்டத் துடைத்தெடுத்த பிறகுதான் கோட்டிங் போட வேண்டும். துடைக்காமல் போட்டால் அன்றைக்கு ஜொலிக்கும், ஒரு மாசத்தில் கோட்டிங் ஒட்டாமல் போய்விடும். ஒருத்தனுக்கும் காரணம் தெரியாது. மூர்த்தி ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். விட்டுவிடலாமா? கூரையில் மட்டும்? கூரையை யார் பார்க்கப் போகிறார்கள்? அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டது. சனியன் பிடித்த கை! பழகின பழக்கம், யார் வண்டி என்று பார்க்காது. கோட்டிங்கையும் அதே கை சொட்டுச் சொட்டாக விட்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பூசி, மேலே வானவில் மாதிரி மினுக்கம் எழும் வரை காத்திருந்து, துணியால் சமன் செய்து முடித்தது. அந்த வருஷத்தில் அந்தக் கடையிலிருந்து போன வண்டிகளில் இதுதான் உசத்தி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை நினைத்தால்தான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

பூஜைக்கு முந்தின நாள் மதியம் கடையில் மெஷின்களுக்குப் பூஜை. கம்ப்ரெஸருக்கு மாலை, பஃபிங் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம். ஜாய்சன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கமாக நிற்பார், பூஜை முடிந்ததும் பொரி கடலையை முதல் ஆளாக வாங்கித் தின்பார். அன்றைக்கும் தின்றுகொண்டே மூர்த்தியைக் கூப்பிட்டார். "உன் சகலை வண்டி ரெடியா? பூஜைக்கு மொத நாள் கோட்டிங் முடிக்கிறதே எனக்குப் பிடிக்காது, உனக்காகத்தான் ஒத்துக்கிட்டேன். நாளைக்கு பெயிண்ட்ல பொட்டு கிட்டு வைக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிரு. அப்புறம் சொந்தத்துக்குள்ள சண்டை வரும்" என்றார். "சொல்றேன் சார்." கோட்டிங் இறுகிக் கெட்டியாக ஒரு வாரமாகும். அதற்குள் தண்ணீர் நின்றால் தடம் விழும். ஈரக் குங்குமமும் மஞ்சளும் விழுந்தால் தீர்ந்தது, கோட்டிங்குக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். துடைத்தால் சிவப்புப் போகும், வட்டம் போகாது. சாவியைக் கொடுக்கும்போது எந்தக் கஸ்டமருக்கும் மூர்த்தி மறக்காமல் சொல்வது இது. ஒரு வாரம் தண்ணி வேணாம், சோப்பு வேணாம், பூஜைன்னா பொட்டைக் கண்ணாடியில வைங்க, பெயிண்ட்ல வைக்காதீங்க. கன்னடக்காரருக்குக் கன்னடத்தில், பாய்க்கு உருதுவில், எல்லாருக்கும் சொல்வான்.

உமேஷ் சாயங்காலம் வந்தான். வண்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். சுற்றி வந்தான். விரலை நீட்டித் தொடப்போய், தொடப் பயந்து இழுத்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "அண்ணா, இது நம்ம வண்டிதானா?" என்றான். அந்த 'நம்ம' மூர்த்தியை என்னவோ செய்தது. சாவியை நீட்டினான், சொல்ல வேண்டியது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உமேஷ் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவன் தோளில் கைபோட்டான். "அண்ணா, நீங்களும் ஒண்ணு எடுத்துருங்கண்ணா. எத்தினி நாளு ஊரான் வண்டியவே தொடச்சினு இருப்பீங்க? செகண்ட்ஸ்லயாவது ஒண்ணு எடுங்க, நான் கூட வரேன்" என்றான். பிரியமாகத்தான் சொன்னான். அவன் முகத்தில் கள்ளமே கிடையாது, கள்ளம் இருந்திருந்தால் மூர்த்தி பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு மனசு ஆறியிருப்பான். செகண்ட்ஸ்லயாவது! நாக்கு நுனிக்கு வந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. "பாத்து ஓட்டு" என்றான், அவ்வளவுதான். வண்டி கேட்டைத் தாண்டி, முட்டுச் சுவரோரம் திரும்பி, ரோட்டுக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் டிராபிக். வாழைக்கன்று ஏற்றின டெம்போக்களும் சாமந்திப் பூ மூட்டைகளும் பூசணிக்காய்க் குவியல்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. மூர்த்தி டூவீலரில் காலூன்றி நின்ற இடத்திலெல்லாம் தனக்குத்தானே நியாயம் பேசினான். நானா குங்குமம் வைக்கப்போகிறேன்? அவனே வைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? அவன் கேட்டானா? புது வண்டி வாங்குகிறவனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாமா? நான் என்ன வண்டி முட்டிக்கொள்ளட்டும் என்றா நினைத்தேன், வாயைக் கழுவ வேண்டும்! ஒரே ஒரு வட்டம். பானட் மேலே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. வெயிலில் பார்த்தால் மட்டும் லேசாக மங்கித் தெரியும். பார்க்கிறபோதெல்லாம் உமேஷின் முகம் கொஞ்சம் சுண்டிப்போகும், அப்புறம் அவனே மறந்துவிடுவான். இதைப் போய்ப் பாவம் என்று எந்தச் சாமி எழுதிவைக்கும்? இப்படியெல்லாம் பேசித் தீர்த்தும், உமேஷுக்குப் போன் போட ஒரு நிமிஷம் போதும் என்பது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. போன் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அதைத் தொட்டுப் பார்த்தான். சிக்னல் விழுந்ததும் வண்டியை எடுத்தான்.

வீட்டில் ஷோபா வாசல்படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் அவனை நீ என்பாள், நாலு பேர் முன்னால் அவரு என்பாள். காதலித்துக் கட்டிக்கொண்டவள், பயம் கிடையாது. "வண்டிய பாத்துட்டு வந்தேன். யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க! மூஞ்சி தெரியுது. எதிர்வூட்டுப் பொம்பள அதுல பாத்து பூ வெச்சுக்கிறா" என்று சிரித்தாள். அவள் சிரிப்பில் பெருமை வழிந்தது. அது தன்னைப் பற்றிய பெருமையா உமேஷின் காரைப் பற்றியதா என்று மூர்த்தியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாளியை ஓரமாக வைத்துவிட்டு அவள் கேட்டாள். "ஆமா, அந்தப் பொட்டு மேட்டரு சொல்லிட்டியா? கண்ணாடியில வைக்கச் சொல்லி? சரசு தட்டு ரெடி பண்றா, அதான் கேட்டேன்." மூர்த்தி செருப்பைக் கழற்றக் குனிந்தான். குனிந்தபடியே, "ம், சொல்லிட்டேன்" என்றான். "அதான பாத்தேன், நீயாவது மறக்கறதாவது" என்று அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

காலையில் சந்து முழுக்க ஒலிபெருக்கி. ஆட்டோக்களுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, தள்ளுவண்டிக்கு மாலை, இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டு, தையல் மெஷினுக்குப் பொட்டு. மூர்த்தி தன் டூவீலருக்கு அவசர அவசரமாக ஒரு குங்குமத்தை வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, ஷோபாவோடு பக்கத்துச் சந்துக்கு வந்தான். உமேஷின் கார் சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஆள் நடக்கச் சுவரோரம் ஒரு முழம்தான் மிச்சம், அதில் உரசிக்கொண்டு போகிறவர்கள்கூட முகம் சுளிக்கவில்லை, கறுப்பில் தங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். வாசலில் கற்பூரம் வைத்த பூசணிக்காய். சரசு புதுப் பட்டில் நின்றாள். தட்டில் குழைத்த சந்தனம், நீர் விட்டுக் குழப்பிய குங்குமம், வெற்றிலை. மூர்த்தியைப் பார்த்ததுமே உமேஷ் கையை உயர்த்தினான். "வந்துட்டாரு, வந்துட்டாரு! வழி வுடுங்கப்பா. நான் சொன்னேன்ல, மொதப் பொட்டு எங்கண்ணா கையாலதான்னு."

மூர்த்தி ஓரடி பின்வாங்கினான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. யாரோ வைப்பார்கள், தான் கூட்டத்தில் பின்னால் எங்காவது நிற்போம் என்று நினைத்திருந்தான். "நீயே வை உமேஷு, உன் வண்டி" என்றான். "அதெல்லாம் இல்ல. ஊரு கண்ணு ஃபுல்லா இதுமேலதாண்ணா. நேத்து வந்ததுலருந்து எத்தினி பேரு பாத்துட்டாங்க! நல்ல மனசுக்காரர் கை பட்டாதான் அதெல்லாம் கழியும். வைங்கண்ணா, நடுவுல, பெருசா!" சரசு தட்டை நீட்டினாள். "வைங்க மாமா." எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மோதிர விரல் தானாகவே குங்குமத்துக்குள் போய் வந்தது. பானட் முன்னால் குனிந்தான். இரண்டு நாள் இழைத்த இடம், ஒரு கோடு இல்லை, ஒரு மங்கல் இல்லை. இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடடா, சொல்ல மறந்துட்டேனே என்று தலையில் தட்டிக்கொண்டால் முடிந்தது கதை, எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் ஷோபாவிடம் சொல்லிவிட்டேன் என்று சொல்லியாயிற்றே? அவள் சரசுவின் தோளைத் தொட்டுக்கொண்டு அங்கேதான் நிற்கிறாள். வைத்துவிட்டால்? வைத்துவிட்டால் உமேஷுக்குத் தெரியாது, கூட்டத்துக்குத் தெரியாது. விரல் பெயிண்டுக்கு அருகில் இறங்கியது.

"என்ன உமேஷு" என்றாள் ஷோபா. குரலில் சாதாரணச் சிரிப்புத்தான். "பெயிண்ட்ல பொட்டு வைக்கக் கூடாதுன்னு நேத்து சாவி தரும்போதே அவரு சொன்னாரில்ல? அதுக்குள்ள மறந்துட்டு அவரையே வைக்கச் சொல்றீங்க?"

"யாரு, அண்ணாவா?" உமேஷ் மூர்த்தியைப் பார்த்தான், ஷோபாவைப் பார்த்தான். "இல்லியே அண்ணி. ஒண்ணும் சொல்லலியே."

மூர்த்தி குனிந்த நிலையிலேயே இருந்தான், விரல் பானட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. நிமிர்ந்தால் ஷோபாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். நிமிரவில்லை. ஆனாலும் கீழே, அவனே தேய்த்துத் தேய்த்து எழுப்பிய அந்தக் கறுப்புக்குள், கூட்டத்துக்கு நடுவில் அவள் முகம் துல்லியமாகத் தெரிந்தது. முதலில் அதில் குழப்பம் இருந்தது. அப்புறம் நேற்றுச் சாயங்காலத்தை அவள் நினைத்துப் பார்ப்பது தெரிந்தது, குனிந்து செருப்புக் கழற்றிய புருஷனைப் பார்ப்பது தெரிந்தது. பிறகு குழப்பம் போய்விட்டது. வேறொன்று வந்து உட்கார்ந்தது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அவன் பார்த்திராதது.

"அய்யோ, என் புத்திய செருப்பால அடிக்கணும்!" என்றாள் ஷோபா. "சாவி தரும்போது இல்ல, என்கிட்டத்தான் சொல்லிவிட்டாரு, உங்ககிட்ட சொல்லச் சொல்லி. பூஜை வேலையில நான்தான் மறந்தே பூட்டேன். ஒரு வாரத்துக்குப் பெயிண்ட்ல எதுவும் வைக்கக் கூடாதாம். வட்டம் வுழுந்துடுமாம், போவவே போவாதாம். கண்ணாடியில வெச்சுக்கலாமாம்." சொல்லிவிட்டுச் சரசுவின் கையிலிருந்த தட்டை வாங்கி, ஒழுங்காக இருந்த வெற்றிலைகளை மறுபடி ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

உமேஷ் இரண்டு கையையும் தட்டிச் சிரித்தான். "அண்ணி, நல்ல வேளை, காப்பாத்திட்டீங்க! நான் வைங்க வைங்கன்னு படுத்தினதுல அவரும் மறந்து குனிஞ்சிட்டாரு. பாத்தியா சரசு? அவரு நேத்தே இதுக்குக் காவல் போட்டுட்டுப் போயிருக்காரு, நமக்குத்தான் தெரியல. எங்கண்ணா எங்கண்ணாதான்!" கூட்டமும் சிரித்தது. யாரோ பூசணிக்காயைத் தள்ளிப் போய் உடைக்கச் சொன்னார்கள், பானட்டில் தெறிக்கப் போகிறது என்றார்கள். ஆபத்து நீங்கிவிட்டது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, சொந்தத்துக்குள் சண்டை வரவில்லை, அவனுடைய நல்ல பேரில் ஒரு கீறல் இல்லை. மூர்த்தி நிமிர்ந்தான். விரலில் குங்குமம் அப்படியே ஈரமாக நின்றது. புதுச் சட்டையில் துடைக்க முடியாது. ஷோபா தட்டை அவனுக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, கையில எடுத்தத தட்டுல திருப்பிப் போடாதீங்க, ஆவாது" என்றான் உமேஷ். "வண்டிக்கு வைக்கலன்னா இன்னா, எனக்கு வெச்சுடுங்க. வண்டிக்குப் பட்ட கண்ணு எனக்கும் பட்டதுதான?" அவன் மூர்த்தியைவிட உயரம். முன்னால் வந்து, முடியைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி நெற்றியை நீட்டினான். நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "நல்லா அழுத்தி வைங்கண்ணா."

ஷோபா அப்போதுதான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி மூர்த்தியைப் பார்த்தாள். குங்குமம் அவன் விரலிலிருந்து உள்ளங்கைக்கு வழிய ஆரம்பித்திருந்தது. உமேஷ் கண்ணைத் திறக்காமல், எட்டவில்லையோ என்று, இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தான்.